செல்லாயிக்குச் செய்து வாங்கிய பிரேஸ்

இந்த விமர்சனத்தில் கடையின் பெயர் இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கடையே இல்லை. திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு சந்து, அதில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷினும் ஒரு மரப்பெட்டியும். கணவனும் மனைவியுமாக வேலை பார்க்கிறார்கள். "எழுதுறதுன்னா எழுதும்மா, பேரையும் நம்பரையும் மட்டும் போட்டுடாத. இருக்கிற ஆர்டரையே முடிக்க முடியல" என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டார். அதனால் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பொருள் என்னவென்றால், பொம்மைக்கு ஒரு பிரேஸ். காலில் மாட்டுவது. விலை 650 ரூபாய், கூரியர் 80.

என் மகளுக்கு மூன்றரை வயது. பிறக்கும்போதே இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்தபடி இருந்தது. கிளப் ஃபுட் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் என்று டாக்டர் சொன்னபோது, "மிச்சம் 999 பேரும் எங்க இருக்காங்க, நம்ம வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா" என்று என் மாமியார் கேட்டார். வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு என்று ஆறு கட்டு போட்டார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திரும்பி வந்தது. கடைசியில் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணில் (ஆஸ்பத்திரியில் எல்லாரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள்) சின்னதாக ஒரு வெட்டு, அதன் மேல் மூன்று வாரத்துக்கு இன்னொரு கட்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த இக்னாசியோ பொன்செட்டி என்ற டாக்டர் கொண்டுவந்த முறை இது. பெரிய ஆபரேஷன் இல்லாமலே பாதம் நேராகிவிடும்.

கடைசிக் கட்டைப் பிரித்த அன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்து வார்டு முழுக்க லட்டு கொடுத்தேன். பிஸியோதெரபி செய்யும் அக்கா லட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமேதான்ம்மா வேலையே."

அந்த வேலைதான் பிரேஸ். விரல் பக்கம் திறந்த இரண்டு தோல் ஷூ. இரண்டையும் இணைக்க நடுவே ஒரு கம்பி. கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம். சரிசெய்த பாதம் வெளிப்பக்கமாக 70 டிகிரி திரும்பி நிற்கும், நல்ல பாதம் 40 டிகிரி. முதல் மூன்று மாதம் ஒரு நாளுக்கு 23 மணி நேரம். அப்புறம் ராத்திரியும் மதியத் தூக்கமும் மட்டும், நாலைந்து வயது வரைக்கும். விட்டால் பாதம் பழையபடி மடங்க ஆரம்பித்துவிடும். திரும்ப மடங்கி வருகிற குழந்தைகளில் பெரும்பாலோர் பிரேஸை ஒழுங்காகப் போடாதவர்கள்தான் என்று கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். எங்களுக்குக் கொடுத்தது ஸ்டீன்பீக் பிரேஸ் என்ற வகை. உகாண்டாவில், உள்ளூரில் கிடைக்கிற தோலையும் கம்பியையும் வைத்துச் செய்ய ஆரம்பித்தது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் உழைக்கும்.

கைக்குழந்தைக்குப் போட்டுவிடுவது சுலபம். அது தன் கால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இரண்டு காலையும் சேர்த்து உதைக்கும். மூன்று வயதுக்காரியிடம் அது நடக்காது. ஆடி மாதம் நாத்தனார் பிள்ளைகள் வந்து தங்கினார்கள். அதில் ஒரு பையன், தப்பாக ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்: "அத்தை, இவ காலை ஏன் கட்டிப்போடுறீங்க?" அன்று ராத்திரியில் இருந்து "கட்டாதே" என்று ஆரம்பித்தாள். பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டு மணிக்கு லேஸை அவிழ்த்திருப்பாள். எப்படிக் கற்றுக்கொண்டாள் என்றே தெரியவில்லை.

"அவ பொம்மைக்கும் ஒண்ணு போட்டுப் பாருங்களேன்" என்றது அதே பிஸியோ அக்காதான்.

எனக்குப் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை. மதியம் ரெண்டு மணிக்கு மேல் ஈ ஓட்டும் நேரம். அந்த நேரத்தில் இதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். பார்பி கம்பெனிக்காரர்கள் 1997இலேயே பெக்கி என்று ஒரு பொம்மையைச் சக்கர நாற்காலியோடு விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த நாற்காலி பார்பி வீட்டு லிஃப்டுக்குள் நுழையவில்லை! நம் ஊர் பேங்க் படிக்கட்டு ஞாபகம் வந்தது. அப்புறம் 2019இல் சக்கர நாற்காலியில் ஒரு பார்பி, செயற்கைக் கால் வைத்த ஒரு பார்பி. நாற்காலியோடு இந்தத் தடவை ஒரு சாய்தளமும் கொடுத்துவிட்டார்கள். 2022இல் காது மெஷின் வைத்த பார்பி, 2023இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பார்பி. அந்த டவுன் சிண்ட்ரோம் பொம்மையின் காலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிரேஸ் இருந்ததைப் பார்த்ததும் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். பெரிதாக்கிப் பார்த்தால் அது கணுக்காலைத் தாங்குகிற வகை. இரண்டு காலுக்கும் தனித்தனி. நடுவே கம்பி இல்லை. எங்களுடையது அது இல்லை.

அமெரிக்காவில் விஸ்கான்சினில் ஏமி ஜாண்ட்ரிசெவிட்ஸ் என்று ஒரு அம்மா, ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் குழந்தையைப் போலவே துணிப் பொம்மை செய்து தருகிறார் என்றும் படித்தேன். கை இல்லாத குழந்தைக்குக் கை இல்லாத பொம்மை, முகத்தில் மச்சம் இருந்தால் பொம்மைக்கும் அதே இடத்தில் மச்சம். முன்பு புற்றுநோய் வந்த குழந்தைகளோடு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்தவராம். படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் விஸ்கான்சின் எங்கே, புதுக்கோட்டை கீழராஜ வீதி எங்கே.

சரி, நாமே செய்வோம் என்று பிஸ்கட் டப்பா அட்டை, குச்சி ஐஸ் குச்சி, ஃபெவிகால் எல்லாம் வைத்து ஒன்று செய்தேன். மகள் வாங்கிப் பார்த்தாள். "இது பிரேஸ் இல்ல, ஐஸ் குச்சி." அவ்வளவுதான், கீழே போட்டுவிட்டாள். மூன்று வயதுக் குழந்தைக்கு ஏதோ ஒன்று போதும் என்று நினைப்பது நம் தப்பு. தினமும் ராத்திரி மாட்டுகிற சாமானின் ஒவ்வொரு ஓட்டையும் அவளுக்குத் தெரியும்.

திருச்சி ஜோடியின் நம்பர் கிளினிக்கில் இன்னொரு அம்மா கொடுத்தது. அந்த அண்ணன் செயற்கை உறுப்பு செய்யும் இடத்தில் ஷூ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா முன்பு கொலு பொம்மைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவர். வாட்ஸ்அப்பில் முதல் கேள்வியே "பொம்மை பிளாஸ்டிக்கா, துணியா?" பிளாஸ்டிக் என்றேன். கடையில் 300 ரூபாய்க்கு வாங்கிய, கண் மூடித் திறக்கிற பொம்மை. "அது ஆகாதும்மா. அதுக்குக் கால் முன்னாடி பின்னாடிதான் ஆடும், வெளிய திரும்பாது. பிரேஸ்னா தொடையில இருந்து திரும்பணும்." போய்த் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். முட்டி மோதிக்கொண்டு நின்றது.

அதனால் செல்லாயியை அனுப்பினோம். செல்லாயி என் அம்மா பழைய சுங்குடிப் புடவையில் தைத்து, இலவம்பஞ்சு அடைத்துக் கொடுத்த பொம்மை. 40 சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, ஒரு கண் சற்றே மேலே. மகள் அவளை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போறா, கட்டுப் போட்டுட்டு வருவா" என்று சொன்னதும் அழுகை நின்றது. தனக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் போகிறாள் என்று ஒரு நிம்மதி போல.

அளவு அனுப்புங்கள் என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா? மகளின் பிரேஸை மெஷின் கண்ணாடி மேல் வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, ஒரு காப்பி எடுத்தேன். மகள் உயரம் 92, செல்லாயி 40. கணக்குப் போட்டால் 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 66இல் வைத்து ஒரு தடவை சுருக்கி, வந்த தாளை மறுபடி 66இல் சுருக்கினால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். எவ்வளவு சுருக்கினாலும் கோணம் மட்டும் மாறாது, 70 டிகிரி 70 டிகிரிதான். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு அந்தத் தாளை அனுப்பினேன்.

மூன்று வாரம் என்று சொல்லி 24 நாளில் பார்சல் வந்தது. பிரித்ததும் முதலில் மூக்கில் ஏறியது சொல்யூஷன் வாடை. ஷூ ஒட்டுகிற பசை. இரண்டு நாள் நிழலில் தொங்கவிட்ட பிறகுதான் குழந்தை கையில் கொடுக்க முடிந்தது. இது ஒரு குறை, அவர்களிடமே சொன்னேன். இப்போது அனுப்புவதற்கு முன்பே உலரவிடுகிறார்களாம்.

வாடை போன பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். ஷூ ரெக்சின் இல்லை, மெல்லிய ஆட்டுத்தோல். விரல் பக்கம் திறந்திருக்கிறது. நாக்குப் பட்டை தனியாக வெளியே வருகிறது. லேஸ் போடும் துளை பக்கத்துக்கு மூன்று, ஒவ்வொன்றுக்கும் அரிசி அளவில் பித்தளை வளையம். இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் பெயரவில்லை. கம்பி பழைய குடைக் கம்பியைத் தட்டித் தட்டையாக்கியது. முனை இரண்டையும் அரம் போட்டு மழுக்கி, மேலே எம்-சீல் உருட்டியிருந்தார்கள். செல்லாயியின் கால்களை இடுப்பில் பிரித்து, உள்ளே பட்டன் வைத்துத் திரும்பத் தைத்திருந்தார்கள். இப்போது தொடை நன்றாக வெளியே திரும்புகிறது.

என்னைக் கட்டிப்போட்டது வேறொன்று. நிஜ பிரேஸில் ஷூவின் பின்பக்கம், குதிகாலுக்கு நேராக ஒரு ஓட்டை இருக்கும். குதிகால் கீழே நன்றாக இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று அது வழியாகப் பார்த்துத்தான் லேஸைக் கட்ட வேண்டும். அந்த ஓட்டை பொம்மை ஷூவிலும் இருந்தது, மிளகு அளவில். அது மட்டும் இல்லை. துணிக் காலுக்குக் குதிகால் ஏது, உள்ளே இறங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று யோசித்து, அக்கா செல்லாயியின் குதிகாலில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். ஷூவைச் சரியாக மாட்டினால் ஓட்டையில் சிவப்பு தெரியும். சரியாக மாட்டாவிட்டால் தெரியாது. நான் இதைக் கேட்கவே இல்லை.

மகள் ஷூவைத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, ஓட்டைக்குள் பார்த்தாள். "குதிகால் இருக்கு." டாக்டர் சொல்லும் அதே தொனி.

அப்புறம் செல்லாயியைப் பக்கத்தில் தன்னைப் போலவே படுக்க வைத்தாள். தன் கால், அதன் கால் என்று மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, செல்லாயிக்கு இந்தக் கால். எனக்கு அந்தக் கால்."

பார்த்தால் நிஜம்தான். 70 டிகிரி வலது காலில் இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் வேகமாகவே பேசிவிட்டேன். "தாள்ல இருக்கிறபடிதான்மா செஞ்சார்" என்றார். தாளை எடுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பிரேஸை அடிப்பக்கம் கண்ணாடியில் படும்படி அல்லவா வைத்தேன். ஜெராக்ஸில் வந்தது கீழே இருந்து பார்த்த தோற்றம். இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறிவிட்டது. இந்த வகை ஷூக்களைப் பார்த்து இடது எது வலது எது என்று சொல்வதும் கஷ்டம். பதினோரு வருடமாக ஜெராக்ஸ் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவள் செய்த காரியம் இது. போனை வைப்பதற்குள் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன்.

ஆனால் அவர்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. கம்பியில் ஷூவை ரிவிட் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். அசையாது, கழற்றவும் முடியாது. திருகாணி போட்டிருந்தால் வீட்டிலேயே திருப்பி வைத்திருக்கலாம். மறுபடி கூரியரில் அனுப்ப மனம் வராமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லாயியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

மாடிப்படிக்குக் கீழே அந்த மரப்பெட்டி மேல் அன்று நாலு பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு இரண்டு காலிலும் மாவுக்கட்டு, நிஜ பேண்டேஜ் துணிதான். ஒன்றுக்கு மூக்கில் மெல்லிய குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. ஒரு கரடிக்குக் காலிப்பர், காலைத் தாங்குகிற கம்பிச் சட்டம். கடைசிப் பொம்மைக்குக் காதுக்குப் பின்னால், காது கேட்க வைக்கிற காக்ளியர் மெஷின். களிமண்ணில் உருட்டி, வண்ணம் அடித்து, தலையில் ஒட்டுகிற வட்டத்தை டிச் பட்டனில் செய்திருந்தார். நிஜ மெஷினில் அங்கே காந்தம்தானே இருக்கும், காந்தமே வைக்கலாமே என்று கேட்டேன். அக்கா உடனே மறுத்தார். "ரெண்டு காந்தத்தைப் புள்ள முழுங்கிட்டா உள்ள குடலைப் பிடிச்சு ஒட்டிக்கும்மா. எத்தனை ரூவா குடுத்தாலும் காந்தம் வைக்க மாட்டேன், பட்டன் பேட்டரியும் வைக்க மாட்டேன்." விலை கேட்காமலே இந்த ஒரு பதிலுக்காக அவர்களிடம் ஆர்டர் கொடுக்கலாம்.

அண்ணன் ரிவிட்டை அறுத்தெடுத்துவிட்டு செல்லாயியைத் தன் மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, டேப்பை அவள் தோளில் வைத்தார். நான் அனுப்பிய தாளில் கம்பி பத்து சென்டிமீட்டர். அவர் செய்திருந்தது ஏழரை. அதையும் குறை என்று நினைத்துக் கேட்கலாம் என்றிருந்தேன். "தாள் உங்க பொண்ணோட தோளு. இது இவளோட தோளு. பெரிய தலை, சின்னத் தோளு. யாருக்குப் போடுறோமோ அவங்க உடம்புக்குத்தான்மா அளவு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். புது ஓட்டை போட்டு, திருகாணியும் நட்டும் வைத்து, 70ஐ இடதுக்கு மாற்றி, நட்டு கழன்று வராமல் இருக்க முனையை ஒரு தட்டுத் தட்டினார். பணம் வாங்கவில்லை. இனிமேல் எல்லாருக்கும் திருகாணிதான் என்றார். அதற்குள் என் மகள் அந்தக் காலிப்பர் கரடியைத் தூக்கிக்கொண்டு சந்தின் கோடி வரைக்கும் போய்விட்டாள். திரும்ப வாங்குவதுதான் அன்றைக்குப் பெரிய வேலை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். முதல் நாள் ராத்திரி செல்லாயிக்கு மாட்டிவிட்டுத் தன் பிரேஸைத் தள்ளிவிட்டாள். "செல்லாயி போட்டுக்கிட்டா, போதும்." தலையில் கை வைத்துக்கொண்டேன். மறுநாளில் இருந்து முறையை மாற்றினேன். மகளுக்கு நான் மாட்டுவது, அவள் செல்லாயிக்கு மாட்டுவது, இரண்டு பேரும் ஓட்டையில் எட்டிப் பார்ப்பது. காலையில் மகளுடையதைக் கழற்றும் வரை செல்லாயியுடையதைக் கழற்றக் கூடாது. தினக் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறேன். கார்த்திகை மாதம் 29 நாளில் 25 ராத்திரி முழுசாகப் போட்டிருந்தாள். இரண்டு நாள் காய்ச்சல், இரண்டு நாள் வெறும் பிடிவாதம். ஆடியில் பாதி நாள்கூட இல்லை. இது பொம்மையால்தானா, அல்லது வயது ஏறியதாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நடு ராத்திரியில் லேஸை அவிழ்க்கும் கை இப்போதும் உண்டு. ஆனால் சில நாள் அவிழ்ந்திருப்பது செல்லாயியின் லேஸ்.

நாத்தனார் பையன் தீபாவளிக்கு மறுபடி வந்தான். இந்தத் தடவை அவன் கேட்பதற்கு முன்பே இவள் செல்லாயியைத் தூக்கிக் காட்டி ஷூவின் பின்பக்கத்தைத் திருப்பினாள். அவனும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயம். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையிடம் இதைத் தனியாகக் கொடுக்காதீர்கள். திருகாணி, வளையம் எல்லாமே வாயில் போகிற அளவு. தோலைத் துவைக்க முடியாது, ஈரத் துணியால் துடைக்கலாம். லேஸ் மெல்லிசு, எங்களுடையது இரண்டு மாதத்தில் நைந்துவிட்டது. இப்போது சிவப்புக் கயிறு போட்டிருக்கிறேன், கோயிலில் கையில் கட்டுவது. பழைய பொம்மையைப் பிரித்துத் தைப்பதால் இலவம்பஞ்சு கொஞ்சம் குறையும். செல்லாயி முன்னைவிட மெலிந்துதான் வந்தாள், என் அம்மாவுக்கு அதில் வருத்தம். அப்புறம், மூன்று வாரம் என்றால் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலு சமயத்தில் கேட்கவே கேட்காதீர்கள், அக்கா பாவாடை தைத்துக்கொண்டிருப்பார். சக்கர நாற்காலி 1,800 ரூபாய் சொன்னார்கள். அன்று அங்கே முடிந்த நிலையில் ஒன்றும் இல்லாததால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது.

போன வாரம் மகள் ஒரு புதுக் கோரிக்கை வைத்தாள். பிரேஸ் ராத்திரிக்கு மட்டும்தானே, பகலில் செல்லாயி வெறுங்காலில் நடக்கிறாளாம், செருப்பு வேண்டுமாம். செல்லாயியின் இரண்டு பாதத்தையும் நேற்றுக் காப்பி எடுத்து அனுப்பிவிட்டேன். தாளில் சிவப்பு மையால் பெரிதாக எழுதியிருக்கிறேன்: இது இடது, இது வலது, கீழே இருந்து பார்த்தது.